திரும்பி வரக் கூடாத சோறு

மாப்பிள்ளை மில்லில் வேலை பார்க்கிறார் என்று சொல்லித்தான் என்னை இராஜபாளையத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சொன்னவர் என் நாத்தனார். அவர் வீட்டுக்காரர் போலீஸ்காரர். மன்னார்குடியில் வேலையாக இருந்தபோது எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். "எந்தம்பி மில்லுல இருக்கான். எங்க ஊருல மில்லு வேலைன்னா கவருமெண்டு வேலைக்குச் சமம்" என்று அவர் சொன்னதை என் அப்பா அப்படியே நம்பினார். எங்கள் பக்கத்தில் மில் என்றால் நெல் அரைக்கிற ரைஸ் மில்தான். பஞ்சு மில் என்றால் ஏதோ ஆபீஸ் மாதிரி இருக்கும், பேண்ட் போட்டுக்கொண்டு போவார்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். எண்பதுகளின் கடைசி அது.

வந்து இறங்கிய அன்றே எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. பிடிக்காததை ஒளித்து வைக்கவும் எனக்குத் தெரியாது. ஒரு பெரிய கேட்டுக்குள் எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரே ஒரு குழாய். காம்பவுண்டு வீடு என்றார்கள். கடைசியில் இருந்தது எங்களுடையது, ஓர் அறையும் ஓர் அடுப்படியும். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று கடவுளைக் கேட்டாலும் சொல்ல மாட்டார். ஆற்றில் முங்கி எழுந்து ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு ஓடி வந்து வளர்ந்தவள் நான். வாசலில் இரண்டு செம்பு தண்ணீர் கூடுதலாகத் தெளித்துவிட்டேன் என்று வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டு விசாரணை வைத்தார். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ், திட்டும்போது மட்டும் இரண்டும்.

துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்றால் மேற்கே மலை தெரியும். அங்கே கருத்துக்கொண்டு மழை இறங்குவதும் தெரியும். எங்களுக்கு அதன் காற்று மட்டும் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். பிள்ளைகளைப் பார்க்க வைத்துக்கொண்டு தின்னக்கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்த மலைக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பேச்சு இன்னொரு தொல்லை. முதல் நாள் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா, "ஏட்டி, அந்தக் கொடத்தைச் செத்த நகத்து" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் பக்கம் இப்படிக் கூப்பிட்டால் சண்டைதான். சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் சிரித்தார்.

"பிரியமாத்தான் சொல்லியிருப்பாக. பிரியம் இல்லேன்னா வாங்க போங்கன்னுல்ல பேசியிருப்பாக" என்றார்.

மாமனார் மாமியார் இல்லாத வீடு. எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். நல்ல மனிதர் என்பது வந்த வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அதுதான் எனக்கு வினையே. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு மன்னார்குடி பஸ்ஸைப் பிடித்திருப்பேன்.

'பதிலி' என்ற சொல்லை நான் இங்கே வந்துதான் கேள்விப்பட்டேன். மில்லில் நிரந்தரமாக இருக்கும் ஆட்களில் யாராவது அன்றைக்கு வரவில்லை என்றால், அவர் இடத்தில் நின்று வேலை பார்க்கிறவர் பதிலி. யார் வர மாட்டார் என்பது யாருக்கும் முன்னால் தெரியாது. ஆகவே பதிலிகள் எல்லாரும் தினமும் சங்கு ஊதுவதற்கு முன்னால் கேட்டில் போய் நிற்க வேண்டும். சங்கு ஊதி அடங்கியதும் மேஸ்திரி வெளியே வந்து கை காட்டுவார். கை காட்டப்பட்டவர்கள் உள்ளே போவார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு. ஒரு நாள் முகத்தைக் காட்டாவிட்டால் மேஸ்திரி மறந்துவிடுவார். கூப்பிட்டும் உள்ளே போகாவிட்டால் மறக்கவே மாட்டார். இப்படி விடாமல் நின்று, ஒரு பெரியவர் ரிட்டையர் ஆகி, மேஸ்திரியும் மனசு வைத்தால், அந்த இடத்தில் ஒரு பதிலி பெர்மனெண்ட் ஆகலாம். என் வீட்டுக்காரர் என்னைக் கட்டுவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே அந்தக் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

மறுவீட்டுக்கு எங்கள் ஊருக்குப் போனபோதே ஒரு ராத்திரிதான் தங்கினோம். காலையில் காபியைக் கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பினார். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"பெர்மனெண்டு ஆயிரட்டும். பொறவு பாரு, முறையா லீவு சொல்லிட்டு ஒரு வாரம் இருந்துட்டு வருவோம்."

வேலையில் இருப்பவருக்கு லீவு உண்டு. வேலைக்குக் காத்திருப்பவருக்கு ஏது லீவு? இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதரை அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போக முடியாது என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

சோற்று விஷயத்துக்கு வருகிறேன். காலை ஷிப்டுக்குப் போகும்போது தூக்குவாளியில் மத்தியானச் சோறு கட்டிக் கொடுப்பேன். வேலை கிடைத்தால் சாயங்காலம் வருவார். கிடைக்காவிட்டால் காலை வெயில் ஏறும்போதே வந்துவிடுவார். அப்படிச் சீக்கிரம் வருகிற நாளிலும் தூக்குவாளி காலியாகத்தான் இருக்கும். கழுவிக் கவிழ்த்தே கொண்டு வருவார். விடியக் கிளம்பின மனிதர் ஒரு மணி நேரத்துக்குள் மத்தியானச் சோறு முழுவதையும் தின்றுவிட்டு வந்து நிற்கிறார். சரி, பசி போலிருக்கிறது என்று மத்தியானம் கூப்பிட்டால், "வயிறு நெறஞ்சு கெடக்கு, நீ சாப்பிடு" என்பார்.

எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக வந்தது. பகாசுரனுக்கு வண்டிச் சோறு அனுப்புகிற கதையாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனாலும் புருஷன் பசிக்காரன் என்று தெரிந்த பிறகு அரை வயிற்றுக்கு அனுப்ப மனசு வருமா? மறுநாள் ஒரு கரண்டி கூட வைத்தேன். அதுவும் காலி. அடுத்த நாள் அமுக்கி வைத்தேன், அதுவும் காலி. மூடி மூட முடியாத அளவுக்கு நான் திணிக்க, அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் காலி செய்துகொண்டு வந்தார். வந்து, சுவரில் சாய்ந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எதிர்வீட்டு அக்கா பகலெல்லாம் பேண்டேஜ் துணி சுருட்டுவார். காம்பவுண்டில் பாதிப் பெண்களுக்கு அதுதான் கைவேலை. எனக்கும் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் சுருட்டிக்கொண்டே, என் வீட்டுக்காரர் வயிற்றைப் பற்றி வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அக்காவின் கை நின்றுவிட்டது.

"அட கூறுகெட்ட தஞ்சாவூர்க்காரி! கேட்டுக்குக் கொண்டு போன சோறு திரும்பி வீட்டுக்கு வரக் கூடாதுட்டி. வந்தா, வேலையும் அப்பிடியே திரும்பிப் போயிருமாம். அதான் வேலை இல்லேன்னு ஆயிட்டா எல்லாரும் எதுத்தாப்புல இருக்க புளியமரத்தடியில உக்காந்து தின்னு தீத்துட்டு வருவாக. எங்க வீட்டுக்காரவுகளும் பெர்மனெண்டு ஆகுற மட்டும் அப்பிடித்தான் தின்னாக. நீ பாட்டுக்கு எம்புட்டுச் சோறு வச்சு விடுத?"

நான் காட்டின அளவைப் பார்த்து அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். காலையில் பல் துலக்கின ஈரம் காயும் முன்னால், பசியில்லாத வயிற்றில், வேலை கிடைக்காத துக்கத்தோடு, ஒரு வேளைக்கு இரண்டு வேளைச் சோற்றை அந்த மனிதர் உருட்டி உருட்டி உள்ளே தள்ளியிருக்கிறார். குறைத்து வை என்று சொல்லக் கூடாதா என்று அன்று அவரிடம் சண்டை பிடித்தேன். "நீ ஆசையா வச்சு விடுத, எப்பிடிச் சொல்ல?" என்றார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். எனக்கு வாய்த்தவர் அந்த மரத்தடியிலேயே பந்தி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கோபம் எல்லாம் நாத்தனார் மேல் திரும்பியது. ஒரு நாள் டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். போலீஸ்காரர் மாற்றலாகி அங்கே வந்திருந்தார். பஸ்ஸில் போகும்போதே கேட்க வேண்டியதை எல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

"மில்லுல இருக்காங்கன்னு சொல்லித்தானே அண்ணி கட்டி வச்சீங்க?"

"ஏன் தாயி, மில்லுலதான நிக்கான்?"

"மில்லுல நிக்கலைங்க. மில்லு வாசல்ல நிக்கிறாங்க."

"வாசலும் மில்லு வாசல்தான? நான் என்ன பொய்யா சொன்னேன்? இன்னைக்கு வாசல்ல நிக்கவன் நாளைக்கு உள்ள போறான். இந்தா, இதைச் சாப்பிடு" என்று என் கையில் ஒரு உருண்டை பால்கோவாவை வைத்தார். கோபத்தில் இருப்பவள் வாயில் பால்கோவாவைப் போட்டால் அவள் என்ன பேசுவாள்? சண்டை போடப் போனவள், இலையில் கட்டிக் கொடுத்த இன்னொரு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அவர் பெரிய சூழ்ச்சிக்காரி இல்லை. தம்பி என்றைக்காவது உள்ளே போவான் என்று நிஜமாகவே நம்பினார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் தூக்குவாளியைக் கையில் எடுத்தால் எவ்வளவு வைப்பது என்று எனக்குத் தெரியாது. நிறைய வைத்தால், வேலை இல்லாத நாளில் அவர் அதைத் தின்று தீர்க்க வேண்டும். குறைத்து வைத்தால், வேலை கிடைத்த நாளில் மிஷினோடு மிஷினாக நாளெல்லாம் நிற்கிற மனிதர் அரை வயிற்றோடு நிற்க வேண்டும். இது ஒரு பக்கம். குறைத்து வைத்த வாளியைக் கையில் வாங்கினால் அதன் எடையிலேயே அவருக்குத் தெரிந்துவிடுமே, இவள் இன்றைக்கு வேலை கிடைக்கும் என்று நம்பவில்லை என்று. அவர் முகத்தைப் பார்க்காமலே கொடுப்பேன். அவரும் வாளியைப் பார்க்காமலே வாங்கிக்கொள்வார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கு எந்தப் பக்கத்தில் இடி விழவில்லை என்று சொல்லத் தெரியவில்லை.

என் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. இதற்குக் கூடப் போகாவிட்டால் நான் பிறந்த வீட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டேன். அவரும் ஒத்துக்கொண்டார். முதல் நாள் முற்பகலில் கிளம்பி, மதுரை, தஞ்சாவூர் என்று மாறி மாறிப் போனால் பெண் அழைப்புக்குள் சேர்ந்துவிடலாம். அன்று காலையில் எழுந்து வழக்கம்போல் சட்டையை மாட்டினார்.

"தலையை மட்டும் காட்டிட்டு ஓடி வந்துருதேன். ரெண்டு வாரமா ஒரு பயலையும் கூப்பிடல. இன்னைக்கா கூப்பிடப் போறாக? நீ கெளம்பி இரு."

எனக்கும் அந்த நம்பிக்கைதான். தூக்குவாளி இல்லாமல் கேட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக, அடியில் ஒரு கைப்பிடி சோறு மட்டும் வைத்து மோரை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாயில் முடித்துவிட்டு ஓடி வரட்டும் என்று.

கல்யாணத்துக்கென்று எடுத்த புடவையைக் கட்டி, பெட்டியை வாசல்படியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது. வெயில் ஏறியது. காம்பவுண்டில் குழம்பு கொதிக்கிற வாசனை வரத் தொடங்கியது. அவர் வரவில்லை. எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்துதான் விஷயம் தெரிந்தது.

"நாளைக்குப் பெரிய முகூர்த்தமுல்ல? பாதிப் பேரு கல்யாணத்துக்குப் போறேன்னு லீவு போட்டாக. பதிலி அம்புட்டுப் பேரையும் உள்ள கூப்பிட்டாச்சு. ரெண்டாவது ஷிப்டுக்கும் ஆள் இல்லைன்னு அவரையே நிக்கச் சொல்லிட்டாக. உங்கள வெசனப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் அழுகை வந்தது. ஊரில் உள்ள பெர்மனெண்ட் ஆட்கள் எல்லாரும் தங்கள் தங்கள் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனதால் நாங்கள் போக முடியவில்லை. யாரைத் திட்டுவது? முகூர்த்தம் குறித்த ஐயரையா, லீவு போட்டவர்களையா, கை காட்டிய மேஸ்திரியையா? இதற்காகத்தானே இத்தனை நாள் சாமி கும்பிட்டேன். தனியாகப் போகலாமே என்று அக்கா சொன்னார். புருஷன் இல்லாமல் கல்யாணப் பந்தலில் போய் நின்று, "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்கிற ஒவ்வொரு ஆளுக்கும் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் அந்த ஒரு கைப்பிடிச் சோறு நினைவுக்கு வந்தது. பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு அடுப்பை மூட்டினேன். அக்காவிடம் ஒரு தூக்குவாளி வாங்கி, நிறையச் சோறு வைத்து, அதே புடவையோடு மில்லுக்கு நடந்தேன். அன்றுதான் முதன்முறையாக அந்தக் கேட்டைப் பார்த்தேன். எதிரே புளியமரம் நின்றது. அதன் அடியில் ஒருவரும் இல்லை. உள்ளே மிஷின்களின் இரைச்சல் தரை வழியாகக் காலுக்கு வந்தது. வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாண வீட்டுக்கா போற? இல்ல வந்தியா?"

"எங்க வீட்டுக்காரருக்குச் சோறுங்க" என்று வாளியை நீட்டினேன். "நீ அந்தத் தஞ்சாவூருப் புள்ளையா! கொண்டா, நான் குடுத்துருதேன்" என்று வாங்கிக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் அந்த மரத்தடியில் நின்றேன். மரத்தடி காலியாக இருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்தில் போய்ச் சந்தோஷப்பட்ட என் மனசின் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. மறுநாள் காலையில், முகூர்த்த நேரத்தில், தாலி கட்டும்போது கொட்டுகிற மேளம் இங்கே கேட்காதா என்று பைத்தியம் மாதிரி காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அன்றைக்கும் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் வந்த வருஷங்களில் மில் மெலிந்துகொண்டே போனது. பவர் கட் என்று ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். நூல் தேங்கிக் கிடக்கிறது என்று இன்னொன்றையும் நிறுத்தினார்கள். பெர்மனெண்ட் ஆட்களுக்கே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் மறுபடியும் தூக்குவாளியோடு புளியமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். அக்கா அதற்குப் பிறகு என்னிடம் சோற்றைப் பற்றிப் பேசுவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் பேண்டேஜ் மட்டும் சுருட்டுவோம். என் வீட்டுக்காரரோ இன்னும் ஒரு ரிட்டையர்மெண்ட், இன்னும் ஒரு ரிட்டையர்மெண்ட் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் சங்கு ஊதவில்லை. நான் வந்த நாள் முதல் அந்தச் சங்கை வைதுகொண்டிருந்தவள். அன்றைக்கு ஊதாமல் போனதும் எழுந்து உட்கார்ந்து, காது அடைத்துவிட்டதோ என்று பயந்தேன். காம்பவுண்டே வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்றார்கள். தற்காலிகம்தான் என்றும் சொன்னார்கள். தற்காலிகம் என்றதால் மறுநாளும் இவர் கிளம்பினார். பூட்டின கேட்டின் முன்னால், ஊதாத சங்குக்கு, வராத மேஸ்திரிக்குக் காத்து நின்றுவிட்டு, மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஒருவரா இருவரா, பெருங்கூட்டமே அப்படிப் போய் வந்தது. நானும் ஒன்றும் கேட்காமல் கட்டிக் கொடுத்தேன். இனிப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மரத்தடிக் கூட்டம் கரைந்தது. சிலர் திருப்பூர் போனார்கள், சிலர் ஆலங்குளம் பக்கம் கல் உடைக்கப் போனார்கள். இவர் மட்டும் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு நாள் வழக்கத்தை விடச் சீக்கிரமாகத் திரும்பி வந்தார். தூக்குவாளியை அடுப்படியில் வைத்தார். வைத்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. மூடியைத் திறந்தேன். நான் வைத்தபடியே சோறு இருந்தது, மேலே வைத்த ஊறுகாய்கூட நகரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வாளி சோற்றோடு வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான். நான் அவரைப் பார்த்தேன். கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தட்டு எடு" என்றார்.

எடுத்தேன். காலை வெயிலில், கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, அந்தச் சோற்றை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டிருந்தார்.

"உங்க ஊருக்குப் போவமா?" என்றார். "எம்புட்டு நாள் வேணும்னாலும் இருக்கலாம். இனி யாருகிட்டயும் கேக்க வேண்டாம்."

நான் என் தட்டிலிருந்து ஒரு கை அள்ளி அவர் தட்டில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.